படத்தில் இருப்பவரின் சம்மதம்: பாலியல் படத் தொழிலும் சட்டங்களின் பார்வையும்

மேலைநாடுகளில் "வயதுவந்தோர் கேளிக்கை" என்ற மென்மையான பெயரால் வழங்கப்படும் தொழிலை நம்மவர்கள் "நீலப்படம்" என்ற ஒரே சொல்லில் அடக்கி, அத்துடன் பேச்சை முடித்துக்கொள்வது வழக்கம். சமயப் பற்றும் குடும்ப மானம் பற்றிய கவலையும் மிகுந்த தமிழ், முஸ்லிம் சமூகங்களில் இத்தயக்கம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. எனினும், ஒரு காலத்தில் வீடியோ கடைகளின் மேசைக்கு அடியில் மறைந்திருந்த இத்தொழில் இன்று கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. அது எவ்வாறு இயங்குகின்றது, உலக நாடுகள் அதனை எவ்வாறு கட்டுப்படுத்த முயல்கின்றன, நமது நாட்டுச் சட்டம் எங்கே நிற்கின்றது என்பவற்றை அறியாதிருப்பது இனியும் பாதுகாப்பானதன்று.

மன்னார் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டுக்கரைக் குளத்தின் நீரை நம்பி வாழும் முருங்கன், உயிலங்குளம் முதலான விவசாயக் கிராமங்களாயினும், தீவுப் பகுதியிலுள்ள எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை போன்ற ஊர்களாயினும், வெளிநாட்டில் உழைக்கும் ஒருவரையேனும் கொண்ட குடும்பங்கள் எங்கும் உள்ளன. கடல் கடந்து பிரிந்திருக்கும் கணவனுக்கும் மனைவிக்கும், நிச்சயிக்கப்பட்ட இணைகளுக்கும் கைத்தொலைபேசியே பாலம். நம்பிக்கையின் பேரில் அனுப்பப்பட்ட அந்தரங்கப் படமொன்று, உறவு முறிந்த பின்னரோ, தொலைபேசியைத் திருத்தக் கொடுத்த இடத்திலோ வேறொருவர் கைக்குப் போய்விட்டால், ஒரே இரவில் ஊரைச் சுற்றிவந்துவிடுகின்றது. மறுநாள் வெளிநாட்டு இணையத்தளமொன்றில் விளம்பரங்களுக்கு நடுவே அது பணமீட்டும் சரக்காகவும் ஆகிவிடுகின்றது. நீலப்படத் தொழில் எங்கோ கலிபோர்னியாவில் நடப்பது என எண்ணுவோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. அத்தொழிலுக்கு இன்று நடிகர்களும் படப்பிடிப்புத் தளமும் தேவையில்லை. எவரோ ஒருவரின் துரோகம் போதும்.

அவ்வாறு படம் வெளியான பெண் பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தயங்குவதற்கு ஊராரின் பேச்சு மட்டும் காரணமன்று. அப்படத்தில் இருப்பதே தன்னைக் குற்றவாளியாக்கிவிடும் என்ற அச்சமும் ஒரு காரணமாகும். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதுமன்று.

இலங்கையில் இத்துறைக்கான அடிப்படைச் சட்டம் 1927ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டமாகும். ஆபாச வெளியீடுகளின் வணிகத்தைத் தடுப்பதற்காக 1923இல் ஜெனீவாவில் கைச்சாத்தான சர்வதேச உடன்படிக்கைக்குச் செயல் வடிவம் கொடுக்கவே அன்றைய குடியேற்ற அரசு இதனை இயற்றியது. ஆக, ஈழத்து ஒழுக்கத்தின் காவலனாக இன்று பலரும் கருதும் இச்சட்டம் ஐரோப்பாவிலிருந்து வந்ததேயாகும். 1983இல் இது திருத்தப்பட்டது. விற்பனைக்காகவோ பரப்புவதற்காகவோ பொதுவில் காட்டுவதற்காகவோ ஆபாசமானவற்றை உருவாக்குவதும் வைத்திருப்பதும் இதன்படி குற்றமாகும். ஆனால் எது ஆபாசம் என்பதற்குத் தெளிவான வரைவிலக்கணம் அதில் இல்லை.

வரைவிலக்கணம் இல்லாத இடத்தை 1868இல் இங்கிலாந்தில் வழங்கப்பட்ட ஹிக்ளின் வழக்குத் தீர்ப்பு நீண்டகாலம் நிரப்பி வந்தது. தீய செல்வாக்குக்கு இடங்கொடுக்கக்கூடிய மனங்களைக் கெடுக்கும் தன்மை ஒரு படைப்புக்கு உண்டா என்பதே அதன் அளவுகோல். இந்த அளவுகோலில் பார்ப்பவரின் மனம் இருக்கின்றது, சமூகத்தின் ஒழுக்கம் இருக்கின்றது. படத்தில் இருப்பவர் இல்லை. அவர் விரும்பித்தான் அங்கு நின்றாரா, மிரட்டப்பட்டாரா, ஏமாற்றப்பட்டாரா, படம் எடுக்கப்பட்டதையேனும் அறிவாரா என்று சட்டம் கேட்பதில்லை.

இவ்வாறு கேளாததன் விளைவை அண்மைக்கால நிகழ்வுகள் காட்டுகின்றன. 2009இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் பல ஆபாச இணையத்தளங்கள் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அதன் தொடர்ச்சியாக 2010இல், அத்தகைய தளங்களில் காணப்பட்ட உள்நாட்டவர் பலரின் முகப்படங்களை, அவர்களை அடையாளங்காண உதவுமாறு கோரி, நீதிமன்ற அனுமதியுடன் பொலிஸார் பத்திரிகைகளில் பிரசுரித்தனர். அந்த முகங்களில் எத்தனை பேர் பணத்துக்காக நடித்தவர்கள், எத்தனை பேர் காதலனால் ஏமாற்றப்பட்டவர்கள் என்பது பிரசுரிக்கும் வேளையில் எவருக்கும் தெரியாது. இணையத்தில் ஒரு மூலையில் கிடந்த அவமானம் காலைப் பத்திரிகையுடன் வீடுகளுக்கு விநியோகிக்கப்பட்டது.

2021ஆம் ஆண்டில் நடந்த இரு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இணையத்தள விளம்பரங்கள் மூலம் பலருக்கும் விற்கப்பட்டமை அம்பலமாகி, விற்றவர்கள், வாங்கியவர்கள், விளம்பரத் தளத்துடன் தொடர்புடையவர்கள் எனப் பெருந்தொகையானோர் கைதுசெய்யப்பட்டனர். நாடே அதிர்ந்தது. அதே ஆண்டில், பஹந்துடாவ நீர்வீழ்ச்சியில் தாம் எடுத்த காட்சிகளை இணையத்தில் ஏற்றிய வயதுவந்த இணையொன்றும் கைதாகி நீதிமன்றில் நிறுத்தப்பட்டது. பின்னதை எவரும் போற்றப்போவதில்லை. பொது இடத்தின் மரியாதை என்ற கேள்வி அங்கு உண்டு. ஆயினும், ஒரு குழந்தையின் உடலை விற்பனைப் பொருளாக்கியமையும் இரு வயதுவந்தோர் தாமே விரும்பிச் செய்த அநாகரிகமும் பொதுப்பேச்சில் "ஆபாச இணையத்தளம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்தமை நமது சிந்தனையின் குழப்பத்தையே காட்டுகின்றது.

கலைத்துறையிலும் இதே குழப்பம் உண்டு. அசோக ஹந்தகமவின் "அக்ஷரய" திரைப்படத்துக்குத் தணிக்கைச் சபை வயதுவந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழை வழங்கியிருந்தும், 2006இல் அமைச்சரின் தலையீட்டினால் அது திரையிடப்படாமல் நிறுத்தப்பட்டது. நன்கு அறியப்பட்ட இயக்குநர் ஒருவரின் படம் பல மட்டங்களில் ஆராயப்பட்ட அதே காலத்தில், நடைபாதைகளில் விற்ற இறுவட்டுகளில் யாருடைய வாழ்க்கை அழிந்துகொண்டிருந்தது என்பதை ஆராய ஒரு சபை இருக்கவில்லை.

சிறுவர் விடயத்தில் மட்டும் நமது சட்டம் இதனினும் முன்னேறியுள்ளது என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் 286 அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஆபாசப் படங்களில் பயன்படுத்துவோருக்கு இரண்டு முதல் பத்து ஆண்டு வரையான சிறைத்தண்டனையை அது விதித்தது. படச்சுருள் கழுவும் கலையகத்தார் தம்மிடம் வரும் சுருளில் அத்தகைய படத்தைக் கண்டால் உடனே பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. படச்சுருள் மறைந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டளையின் பின்னிருந்த எண்ணம், அதாவது கைமாற்றும் இடைத்தரகருக்கும் பொறுப்பு உண்டு என்பது, இன்று உலகம் முழுவதும் பேசப்படும் எண்ணமாகும். 2006இன் திருத்தம் அதே கடமையைக் கணினிச் சேவை வழங்குவோர் மீதும் சுமத்தியது.

உலக நாடுகளின் அனுபவத்தைக் கட்டுக்கரைக்கு நீர் வரும் வழியை அறிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. நமது மாவட்டத்துக்கு வெளியே மல்வத்து ஓயாவாகத் தொடங்கும் அருவியாறு, தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டுக் கால்வாய் வழியே குளத்தை அடைகின்றது. குளத்திலிருந்து துருசு வழியே வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து வயலுக்கும் நீர் பாய்கின்றது. எந்த இடத்தில் கதவு வைப்பது என்பதே கேள்வி. பாலியல் படத் தொழிலிலும் படம் உருவாகும் இடம், அதனைப் பரப்பும் தளம், பார்ப்பவரின் வீடு என மூன்று இடங்கள் உள்ளன. நீண்டகாலமாக அரசுகள் வயல் வரப்பில் நின்றே வெள்ளத்தைத் தடுக்க முயன்றன.

அம்முயற்சியை முதலில் கைவிட்டது டென்மார்க். 1967இல் எழுத்துக்கும் 1969இல் படத்துக்கும் இருந்த தடையை நீக்கிய அந்நாடு, 1923 ஜெனீவா உடன்படிக்கையிலிருந்தும் விலகியது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் மில்லர் வழக்கில் உயர் நீதிமன்றம், அந்தந்தச் சமூகத்தின் அளவுகோலையும் படைப்பின் கலை, இலக்கிய, அரசியல், விஞ்ஞானப் பெறுமதியையும் பார்க்க வேண்டும் என்றது. 1988இல் கலிபோர்னிய நீதிமன்றமொன்று, படத்தில் நடிக்கப் பணம் கொடுப்பது விபசாரத்துக்கு ஆள்பிடிப்பதாகாது எனத் தீர்ப்பளிக்கவே, லொஸ் ஏஞ்சலிஸின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு இத்தொழிலின் தலைநகராயிற்று.

தடை நீங்கியதும் தொழில் சுத்தமாகிவிடவில்லை. 1986இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நடிகை ஒருவர் 18 வயதை அடையுமுன்னரே பல படங்களில் நடித்திருந்தமை வெளிச்சத்துக்கு வந்தது. நடிப்பவரின் வயதை உறுதிசெய்யும் அடையாள ஆவணத்தைத் தயாரிப்பாளர் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1988இல் வந்தது. 2004இல் நடிகர்களிடையே எயிட்ஸ் கிருமி பரவிப் படப்பிடிப்புகள் நின்றன. 2012இல் லொஸ் ஏஞ்சலிஸ் வாக்காளர்கள் படப்பிடிப்பில் ஆணுறையைக் கட்டாயமாக்கினர். இவை தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களேயன்றி ஒழுக்கச் சட்டங்களல்ல என்பது கவனிக்கத்தக்கது.

உருவாகும் இடத்தில் வைக்கப்பட்ட கதவுகளில் மிக நுணுக்கமானது ஜப்பானுடையதாகும். 2022 ஏப்ரலில் அங்கு வயதுவந்தோராகும் வயது 20இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. அதனால், 18, 19 வயதினர் தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வயதைக் காட்டி இரத்துச்செய்யும் உரிமையை இழந்தனர். ஆசை காட்டி அழைத்து, பின் நட்டஈடு கேட்டு மிரட்டி நடிக்க வைக்கும் முகவர்களுக்கு இது வாய்ப்பாகிவிடும் என்ற எதிர்ப்புக் கிளம்பவே, அவ்வாண்டு ஜூனில் தனிச்சட்டம் பிறந்தது. ஒப்பந்தத்துக்கும் படப்பிடிப்புக்கும் இடையே ஒரு மாதம், படப்பிடிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே நான்கு மாதம் கழிய வேண்டும். வெளியான பின்னரும் ஓராண்டு வரை நடித்தவர் காரணம் கூறாமல், நட்டஈடு செலுத்தாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அதன் பின் படம் சந்தையிலிருந்து அகற்றப்பட வேண்டும். தம் பிழைப்பு கெட்டுவிட்டதாக இத்தொழிலில் இருப்போர் சிலர் முறையிட்டதும் உண்மையே. எனினும், ஒருமுறை கொடுத்த சம்மதம் என்றென்றைக்குமான அடிமைச் சீட்டாகாது என்று ஒரு நாட்டின் பாராளுமன்றம் எழுதிவைத்தமை புதியது.

இணையம் வந்த பின் பெருங்கதவு இருக்க வேண்டிய இடம் தளங்களே. அமெரிக்காவின் சான் டியகோவில், படம் வெளிநாட்டில் இறுவட்டாக மட்டுமே விற்கப்படும், இணையத்தில் வராது என்று பொய்யுரைத்து இளம்பெண்களை நடிக்க வைத்த நிறுவனமொன்றுக்கு எதிராக 22 பெண்கள் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரியில் அவர்களுக்குச் சார்பாக ஒரு கோடி இருபது இலட்சம் டொலருக்கும் அதிகமான தொகை தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், உலகின் மிகப்பெரிய ஆபாசத் தளங்களில் ஒன்றான போர்ன்ஹப்பில் சிறுவர்களினதும் வல்லுறவுக்குள்ளானோரினதும் காட்சிகள் இருப்பதை நியூயோர்க் டைம்ஸ் கட்டுரையொன்று எடுத்துக்காட்டியது. விசா, மாஸ்டர்கார்ட் நிறுவனங்கள் பணப் பரிமாற்றத்தை நிறுத்தின. சில நாட்களுக்குள் அத்தளம், அடையாளம் உறுதிசெய்யப்படாதோர் ஏற்றியிருந்த இலட்சக்கணக்கான காட்சிகளை அகற்றியது. பல்லாண்டுகளாகப் பாதிக்கப்பட்ட பெண்கள் எழுதிய கடிதங்களால் நடக்காதது, கடனட்டை நிறுவனங்களின் ஒரு முடிவால் நடந்தது. 2021 ஒக்டோபர் முதல் மாஸ்டர்கார்ட், காட்சியில் இருப்போரின் சம்மதத்துக்கு ஆவணச் சான்று கோருகின்றது. 2025 மே மாதத்தில் அமெரிக்கா, சம்மதமின்றி வெளியான அந்தரங்கப் படத்தை, செயற்கை நுண்ணறிவினால் பொய்யாக உருவாக்கப்பட்டதாயினும், முறையீடு கிடைத்து 48 மணித்தியாலத்துக்குள் தளங்கள் அகற்ற வேண்டும் எனச் சட்டமியற்றியது.

பார்ப்பவர் பக்கத்தில் இன்று நடப்பது வயதுச் சரிபார்ப்பாகும். பிரித்தானியா 2017இல் திட்டமிட்டு 2019இல் கைவிட்ட இம்முயற்சி, 2023ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் 2025 ஜூலை 25ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் இத்தகைய சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டது. பிரித்தானியச் சட்டம் நடைமுறைக்கு வந்ததுமே, தடையைச் சுற்றிச் செல்ல உதவும் விபிஎன் செயலிகளின் பதிவிறக்கம் அங்கு உயர்ந்தது என்பதையும் மறக்கலாகாது. வெறுமனே தளங்களை மூடும் வழியை நமது அயலவர்களும் பார்த்துவிட்டனர். இந்தியா 2015இல் 857 தளங்களை மூடச் சொல்லி, சில நாட்களிலேயே பின்வாங்கியது.

நமக்கு மிகப் பயன்படும் பாடம் இந்தோனேசியாவில் உள்ளது எனலாம். உலகின் மிகப்பெரிய முஸ்லிம் சனத்தொகையைக் கொண்டிருந்த அந்நாடு 2008இல் கடுமையான ஆபாசத் தடைச் சட்டத்தை இயற்றியது. 2010இல் ஆரியல் என்ற புகழ்பெற்ற பாடகரின் அந்தரங்கக் காட்சிகள் இணையத்தில் பரவின. அவை திருடப்பட்டவை என்றார் அவர். எனினும் 2011 ஜனவரியில் அவருக்கே மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர், தன்னிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசிய தலைமை ஆசிரியரின் குரலைப் பதிவுசெய்த பாடசாலைப் பெண் ஊழியர் ஒருவர், அப்பதிவு பரவியதற்காக இணையச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டார். நாடு கொதித்தெழவே 2019இல் ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். இவற்றைக் கண்ட பின்னர், 2022 ஏப்ரலில் நிறைவேறிய பாலியல் வன்முறைக் குற்றங்கள் சட்டத்தில், ஒருவரின் விருப்பமின்றிப் பாலியல் காட்சிகளைப் பதிவதும் பரப்புவதும் தனிக் குற்றமாக்கப்பட்டது. ஒழுக்கத்தை அந்நாடு கைவிடவில்லை. ஒழுக்கத்தின் பெயரால் பாதிக்கப்பட்டவரைத் தண்டிப்பது பிழை என்று கண்டது.

இந்தியாவிலும் சொல்லின் மட்டத்திலேயே மாற்றம் நிகழ்ந்துள்ளது. சிறுவர் ஆபாசப் படங்களைப் பதிவிறக்கித் தனியே பார்ப்பது குற்றமாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை, அவ்வாண்டு செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் மாற்றியது. "சிறுவர் ஆபாசப் படம்" என்ற தொடரையே கைவிட்டு, "சிறுவர் பாலியல் சுரண்டல், துஷ்பிரயோகப் பொருள்" என்று சொல்லுமாறும் அது பணித்தது. அது கேளிக்கையன்று, ஒரு குற்றம் நடந்ததற்கான பதிவு என்பதே காரணம்.

இலங்கையில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இத்திசையில் ஓரடி வைத்தது. ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்குடன் அவரது அந்தரங்கத் தகவலை, படமும் ஒளிப்பதிவும் உட்பட, வெளியிடுவது அதன்படி குற்றமாகும். கருத்துச் சுதந்திரத்தை நசுக்கக்கூடிய வேறு பிரிவுகளுக்காக இச்சட்டம் கடும் கண்டனத்துக்குள்ளானது நியாயமே. ஆனால் இப்பிரிவின் குறை வேறு. தொல்லைப்படுத்தும் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். பணத்துக்காக ஏற்றினேன், வேடிக்கைக்காக நண்பர் குழுவுக்கு அனுப்பினேன் என்பவன் அந்த நோக்கம் தனக்கில்லை என்று வாதிட இடமுண்டு. சம்மதமின்மையையே குற்றத்தின் மையமாக்கி, முறையிட வரும் பாதிக்கப்பட்டவர் மீது 1927ஆம் ஆண்டுச் சட்டம் பாயாது என்ற உறுதியையும் சேர்த்து ஒரு திருத்தம் வருமாயின், அந்தத் தயக்கத்தின் பாதி நீங்கும்.

மறுபாதி நம்மிடம் உள்ளது. பார்வையைத் தாழ்த்துமாறு திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் ஆண்களுக்கே முதலில் கட்டளையிடுகின்றது. பெண்களைப் பற்றிய வசனம் அதனை அடுத்தே வருகின்றது. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதையும் அவ்வேதம் தடுக்கின்றது. பிறன்மனை நோக்காமையை ஆண்மையின் அடையாளமாக வைத்தவர் வள்ளுவர். அவ்வாறிருக்க, கசிந்த ஒளிப்பதிவொன்றை "பார்த்தீர்களா, எந்த ஊர்ப் பிள்ளை?" என்ற கேள்வியுடன் கைமாற்றும் ஆண்கள் பள்ளிவாசல் முற்றத்திலும் கோவில் வீதியிலும் தேவாலய வாசலிலும் மதிப்புடனேயே நடமாடுகின்றனர். படத்திலிருந்த பெண் மட்டும் பாடசாலையையோ ஊரையோ விட்டுப் போகின்றாள்.

பாதிக்கப்பட்டவர்களுக்குச் சில வழிகள் ஏற்கெனவே உள்ளன. சிறுவர் தொடர்பான முறைப்பாடுகளைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்திலும், பெண்கள் தொடர்பானவற்றை 1938 என்ற இலக்கத்திலும் தெரிவிக்கலாம். பொலிஸில் கணினிக் குற்ற விசாரணைக்கெனத் தனிப்பிரிவு உண்டு. 2021இல் தொடங்கப்பட்ட "ஸ்டொப் என்.சி.ஐ.ஐ." என்ற சர்வதேசச் சேவை, படத்தை எவருக்கும் அனுப்பாமலேயே, அதன் எண்முறைக் கைரேகையை மட்டும் பெற்று, பேஸ்புக், இன்ஸ்டகிராம் முதலான தளங்களில் அது மீண்டும் ஏறாது தடுக்க உதவுகின்றது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதேபோன்ற வேறொரு சேவை அமெரிக்காவிலிருந்து இயங்குகின்றது. மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்புவதால் மிரட்டல் நிற்பதில்லை. பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாமல், மிரட்டியவனின் செய்திகளையும் தொலைபேசி இலக்கத்தையும் படம் ஏற்றப்பட்ட பக்கத்தின் முகவரியையும் திகதியுடன் குறித்து வைத்துக்கொண்டு முறையிடச் செல்ல வேண்டும். படத்திலிருப்பவர் சிறுவராயின், சாட்சிக்காக என்றேனும் அப்படத்தைப் பிரதி எடுக்காமலும் எவருக்கும் அனுப்பாமலும், அது இருக்கும் முகவரியை மட்டும் அதிகாரிகளிடம் ஒப்படைப்பதே முறையாகும்.